மாஸ்டர் பிரித்துத் தைத்த காலுறை

ஒவ்வொரு வீட்டிலும் கோபப்படுவதற்கென்று ஓர் ஆளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் நிம்மதியாகத் தப்புச் செய்ய வேண்டுமல்லவா, அதற்காக. இந்த வீட்டில் அந்த வேலை மகளுக்கு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வெடுக்கு என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

இத்தனைக்கும் அவளுடைய உத்தியோகமே அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்குவதுதான். குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் பிரிவு. தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வந்தது, குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது என்று ஊரே போனில் கத்தும். "சிரமத்துக்கு வருந்துகிறோம், உடனே ஆள் அனுப்புகிறோம்" என்று இவள் தேனொழுகச் சொல்ல வேண்டும். அங்கே விழுங்கியதையெல்லாம் இங்கே வந்து துப்புகிறாள் என்பது அப்பாவின் கட்சி. இந்த வீட்டில் நடப்பதைப் பார்த்தால் கல்லுக்கும் கோபம் வரும் என்பது இவள் கட்சி.

அப்பா தையல்காரர். கோட்டு, கால்சட்டை, சீருடை. தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பளவு சொல்லிவிடுவார். அடுத்தவர் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்து, "இதை யாரு தைச்சது?" என்று கேட்டு உச்சுக்கொட்டாமல் அவருக்குப் பொழுது போகாது. முன்பக்கம் கடை, நடுவில் ஓர் அறை, பின்னால் சமையலறை, மாடியில் படுக்கை. நடு அறையில் உட்கார்ந்துதான் அம்மா இத்தனை வருஷமும் காஜா எடுத்தாள், பொத்தான் வைத்தாள், உள்மடிப்பு தைத்தாள். மிச்சம் கிடைத்த நேரத்தில் சமைத்தாள், பிள்ளை வளர்த்தாள். அவளுடைய வலது இடுப்பு மூட்டு தேய்ந்ததற்கு மெஷினை மிதித்தது காரணமா, வேறெதுவுமா என்று டாக்டர் சொல்லவில்லை. பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் கட்டிலருகே நின்று சொன்னதை மகள் வார்த்தை பிசகாமல் மனதில் வைத்திருந்தாள்.

"மூட்டு நல்லா உட்கார்ந்திருக்கு. இனிமே என் பயம் மூட்டு இல்லை, ரத்தம். படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் தேங்கும், தேங்கினா உறையும். அந்தக் கட்டி கால்லயே நின்னா கால் வீங்கும். பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னா ஆளையே கொண்டு போயிடும். அதனால தினம் வயித்துல ஒரு ஊசி. கால்ல இந்த இறுக்கமான சாக்ஸ். எல்லாத்துக்கும் மேல நடக்கணும். வலிச்சாலும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு அடிக்கடி எழுந்து நடக்கணும்."

"சாக்ஸைக் குளிக்கறப்ப மட்டும் கழட்டுங்க" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ். அவ்வளவுதான். எதற்காக இறுக்கம், எந்த இடத்தில் இறுக்கம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதற்குள் இருவரும் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்கள்.

மாடி ஏற முடியாதென்று நடு அறையிலேயே கட்டில் போட்டார்கள். துணிக்கட்டுகளைச் சுவரோரம் தள்ளி, காஜா மெஷினை மூலையில் திருப்பி வைத்து, கடைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரையைத் தொங்கவிட்டார் அப்பா. திரை மட்டும் தரையை அரை விரல்கூடத் தொடாமல், ஏறாமல் இறங்காமல் கச்சிதமாக நின்றது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஊசி போடுவது மகள் பொறுப்பு. தொப்புளைவிட்டுத் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, நேராக இறக்கி, மெதுவாக மருந்தைத் தள்ளி, ஊசியை எடுத்த பிறகு தேய்க்காமல் பஞ்சை மட்டும் வைக்க வேண்டும். ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம். முதல் தடவை அவளுக்குக் கை உதறியது. கோபம் வந்தால் மட்டும் தனக்குக் கை உதறாது என்பது அவளுக்குத் தெரியும். முந்தின நாள் போனில் தன்னை வாய்க்கு வந்தபடி ஏசிய ஒரு மனிதரை நினைத்துக்கொண்டாள். கை உறுதியாக நின்றது. அன்றிலிருந்து தினம் காலையில் அந்த ஆளுக்குத்தான் ஊசி.

"வலிக்குதாம்மா?"

"பரவாயில்லை" என்பாள் அம்மா. அம்மாவுக்கு எதுவுமே பரவாயில்லைதான். சாப்பாடு ஆறிப்போனாலும் பரவாயில்லை, இடுப்பு தேய்ந்து போனாலும் பரவாயில்லை.

இந்த நேரத்தில்தான் ஒத்தாசைக்கென்று அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள். பாசத்தில் குறை வைக்காதவள், அதுதான் பெரிய தொந்தரவு. அம்மாவின் வயிற்றில் ஊசி போட்ட இடங்கள் நீலமும் பச்சையுமாகக் கன்றியிருந்ததைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, உங்கம்மா வயித்தை என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"ரத்தம் உறையாம இருக்கப் போடற ஊசி, அத்தை. அப்படித்தான் கன்னிப் போகும். டாக்டரே சொன்னாரு."

"என்ன டாக்டரோ. மாட்டுக்குக் குத்தற மாதிரி குத்தியிருக்கே."

ஊசி விஷயத்தில் மகள் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் போட்டாள். ஆனால் நடக்க வைப்பதற்கு ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே. இவள் காலையில் ஒரு தடவை கடை வாசல்வரை அம்மாவை நடத்திக் கூட்டி வந்துவிட்டு வேலைக்குப் போவாள். அதற்கப்புறம் அம்மா அத்தையின் ராஜ்யத்தில் இருந்தாள்.

"ஓடி ஓடித் தேஞ்ச கால். இப்பவாவது படுக்கட்டும். நான் எதுக்கு இருக்கேன்? தண்ணி வேணுமா, நான் தரேன். நீ காலைத் தரையில வைக்காதே" என்பது அத்தையின் சட்டம். விசாரிக்க வந்த தெருக்காரர்கள் எல்லோரும் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இப்படி ஒரு நாத்தனார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம்.

"அப்பா, நீங்களாவது சொல்லக்கூடாதா? மதியம் ரெண்டு தடவை எழுப்பி நடத்துங்க."

அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "புதுசாத் தையல் போட்ட இடத்தை இழுக்கக் கூடாதும்மா. அது எனக்குத் தெரியாதா? தையல் விட்டுடும்."

"அது துணி இல்லைப்பா!"

"எதுவா இருந்தா என்ன, தையல் தையல்தானே."

மகளுக்குத் தலையை எதிலாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சாயங்காலம் திரும்பி வந்து, "நடந்தியாம்மா?" என்று கேட்டால், "நடந்தேன், நடந்தேன்" என்பாள் அம்மா. சொல்லும்போது அத்தையைப் பார்ப்பாள். வாக்கர் காலையில் வைத்த இடத்திலேயே நிற்கும்.

அந்தக் காலுறை வேறு ஒரு பக்கம் உயிரை வாங்கியது. தொடைவரைக்கும் ஏறும் வெள்ளைக் காலுறை. தினம் காலையில் அதை மாட்டுவது சின்ன உறைக்குள் பெரிய தலையணையைத் திணிப்பது போல. கணுக்காலில் கடிக்கிறது, அரிக்கிறது என்பாள் அம்மா. மேலே தொடையில் நிற்காமல் சரிந்து சரிந்து இறங்கும். இவள் இழுத்து விடுவாள், சுருக்கம் நீக்குவாள். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு பரவாயில்லை என்பாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்.

பிறகு ஒருநாள் இந்தப் புலம்பல் நின்றுவிட்டது. மகள் சாயங்காலம் வந்தபோது அம்மாவின் முகத்தில் ஒரு தெளிச்சி. போர்வையை இடுப்புவரை போர்த்திக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். சாக்ஸ் கடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, பழகிப் போச்சு என்றாள். மறுநாள் காலையில் மாட்டிவிடப் போனால், "உங்க அத்தை அப்பவே போட்டு விட்டுட்டாங்க, நீ ஊசியைப் போட்டுட்டுக் கிளம்பு" என்றாள். மகளுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. அத்தைகூட உருப்படியாக ஒரு காரியம் செய்கிறாளே என்று நினைத்தாள். நினைத்ததற்காகப் பின்னால் தன்னையே நொந்துகொண்டாள்.

அடுத்த சில நாட்கள் அப்படியே போயின. ஒரு காலையில் ஊசி போடும்போது அம்மா காலை நகர்த்தியவள் சட்டென்று பல்லைக் கடித்தாள். என்னவென்று கேட்டால் பரவாயில்லை. வேலைக்குப் போன பிறகும் அந்தப் பல்லைக் கடித்த முகம் மகளின் கண்ணைவிட்டுப் போகவில்லை. போனில் யாரோ குழாய் உடைந்ததென்று கத்திக்கொண்டிருக்க, இவள் "வலது காலா, இடது காலா?" என்று கேட்டுவிட்டாள். மேலதிகாரியிடம் சொல்லிக்கொண்டு மதியமே வீட்டுக்குக் கிளம்பினாள்.

உள்ளே நுழையும்போது அத்தை கட்டிலின் கால்மாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். போர்வை விலகியிருந்தது.

"நல்ல வேளை வந்தே. லேசா நீர் கோத்திருக்கு. அழுத்தி நீவி விட்டா வடிஞ்சிடும்."

காலுறைக்கு வெளியே தெரிந்த அம்மாவின் வலது கால்விரல்கள் பளபளவென்று உப்பியிருந்தன. ஆடுசதை காலுறைக்குள் பிதுங்கி நின்றது. அத்தையின் கை அதன்மேல் இறங்கப் போயிற்று.

"தொடாதீங்க!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. கடையில் மெஷின் ஓசை நின்றது. மகள் குனிந்து காலைப் பார்த்தாள். காலுறையின் மேலாகவே புறங்கையை வைத்துப் பார்த்தாள். கொதித்தது. இன்னொரு காலில் அந்தச் சூடு இல்லை. டாக்டர் சொன்னதில் முதல் பாதி கண்ணெதிரே கிடந்தது. மிச்சப் பாதி எந்த நிமிஷமும் வரலாம்.

"அம்மா, மூச்சு விட முடியுதா? நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை."

காலுறையைக் கழற்றலாமென்று தொடைப் பக்கம் விரலை விட்டாள். விரல் நுழையவில்லை. அங்கே அகலமாக ஒரு எலாஸ்டிக் பட்டி, காலுறையின் விளிம்போடு விளிம்பாக, கண்ணுக்கே தெரியாத தையலில் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. கணுக்காலில் பக்கவாட்டில் பிரித்து, மெத்தென்ற வெள்ளைத் துணியில் ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தளர்த்தியிருந்தது. பிசிறு இல்லை, சுருக்கம் இல்லை. ஊரில் இப்படி ஒரு கை ஒருவருக்குத்தான் உண்டு.

அப்பா திரையை விலக்கிக்கொண்டு நின்றார்.

"அப்பா, இது என்ன?"

அவர் முகத்தில் குற்றம் செய்த சாயலே இல்லை. பெருமைதான் இருந்தது. "சரி பண்ணிக் குடுத்தேன். எந்த மடையன் வெட்டினானோ, சுத்தத் தலைகீழான வெட்டு. கணுக்கால்ல உயிர் போற இறுக்கம், மேல வந்தா தொளதொளன்னு நிக்க மாட்டேங்குது. உடுப்புன்னா மேல பிடிக்கணும், கீழ விடணும். பாவாடையோ கால்சட்டையோ, உலகத்துல எதை வேணா எடுத்துக்கோ. ரெண்டு காலுக்கும் நீ வேலைக்குப் போனப்புறம் உட்கார்ந்து பிரிச்சுத் தைச்சேன். இப்ப சரியுதா பாரு?"

"சரியாது. எப்படிச் சரியும்? கயிறு போட்டுக் கட்டினா சரியுமா?" மகளின் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "இது உடுப்பு இல்லைப்பா, எங்க ஆபீஸ் தண்ணிக் குழாய் மாதிரி. இப்பத்தான் எனக்கே உறைக்குது. கீழே இறுக்கி, மேல போகப்போக விட்டாத்தான் ரத்தம் மேல ஏறும். நீங்க கீழ திறந்து விட்டு மேல அணை கட்டியிருக்கீங்க. ஏறவும் முடியாம, நிக்கவும் முடியாம அங்கேயே கட்டிப் போச்சு. யாரைக் கேட்டு இதுல கத்தரி வச்சீங்க? என்னைக் கேக்க வாய் வலிச்சுதா?"

"ஏண்டி, அப்பாவை இப்படியா பேசுவே?" என்றாள் அத்தை.

"நீங்க பேசாதீங்க அத்தை. நடக்க விட்டிருந்தா இவ்வளவு ஆயிருக்காது. படுக்க வச்சு படுக்க வச்சு எங்கம்மாவைப் பாடையில படுக்க வைக்கப் பார்த்தீங்க."

அத்தை அழ ஆரம்பித்தாள். அழட்டும் என்றிருந்தது மகளுக்கு. கடைக்குள் போய், வெட்டும் மேஜைமேல் இருந்த அப்பாவின் பெரிய கத்தரியை எடுத்து வந்தாள். அதை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. காலோரமாகக் கத்தரியை நுழைத்து, தொடைப் பட்டியை முதலில் வெட்டினாள். பட்டி தெறித்து விலகியது. தொடையைச் சுற்றி விரல் பதியும் ஆழத்துக்குச் சிவப்பாக ஒரு பள்ளம். அதைப் பார்த்த பிறகுதான் மாஸ்டரின் முகத்திலிருந்த பெருமை வடிந்தது.

வாடகை வண்டியில் அம்மாவைப் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார வைத்துப் போனார்கள். வழி நெடுக மகள் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தாள். மூச்சு வாங்குதா? நெஞ்சைப் பிடிக்குதா? இருமல் வருதா?

"பரவாயில்லைம்மா."

"இன்னொரு தடவை பரவாயில்லைன்னு சொன்னே, நான் வண்டியை விட்டுக் குதிச்சிடுவேன். இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"இல்லை" என்றாள் அம்மா சின்னக் குரலில்.

ஆஸ்பத்திரியில் காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் மகள் ஒரு முனையிலும் அப்பா மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே நாலு பேர் உட்காரலாம். அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். இவள் திரும்பவில்லை.

டாக்டர் வந்தார். "ஆடுசதையில கட்டி இருக்கு. நல்ல வேளை, முழங்காலுக்குக் கீழயே நிக்குது. நுரையீரலுக்கு எதுவும் போனதா அறிகுறி இல்லை. ஊசியை விடாம போட்டீங்க பாருங்க, அதனாலதான் இந்த அளவோட போச்சுன்னு நினைக்கிறேன். மருந்தைக் கூட்டறோம். ரெண்டு நாள் இங்க இருக்கட்டும், பார்த்துக்கலாம்." பிறகு வெட்டுப்பட்ட காலுறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "இதை யாராவது ஆல்ட்டர் பண்ணுவாங்கன்னு நாங்க கனவுலகூட நினைக்கலை."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் நினைக்கலை டாக்டர்? எங்கப்பா தையல்காரர்னு உங்க நோயாளிச் சீட்டுலயே எழுதியிருக்கு. கழட்டாதீங்கன்னு சொன்னீங்களே, கீழே இறுக்கமா இருந்தாத்தான் ரத்தம் ஏறும்னு ஒரு வரி சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தா அவரு அதுல கை வச்சிருக்க மாட்டாரு. எங்க ஆபீஸ்ல தண்ணி ஏன் வரலைன்னு கேக்கறவங்களுக்குக்கூட நாங்க காரணம் சொல்றோம். உயிர் போற விஷயத்துக்குக் காரணம் சொல்ல மாட்டீங்களா?"

டாக்டரின் சிரிப்பு போயிற்று. "சொல்லியிருக்கணும்" என்றார். அதற்கு மேல் அவர் சப்பைக்கட்டு கட்டவில்லை. கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் வாங்கியிருப்பார். பெஞ்சின் மறுமுனையில் அப்பா, மகள் தனக்காகப் பேசுகிறாளா தன்னைப் பேசுகிறாளா என்று புரியாமல் விழித்தார்.

வார்டில் அம்மாவுக்கு மருந்து போட்டுக் காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லோர்மேலும் பாய்ந்தாயிற்று. பாக்கி இருந்தது அம்மா ஒருத்திதான்.

"கால் மரத்துப் போச்சு, வீங்கிப் போச்சு. உனக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது."

"எப்போலேர்ந்து?"

"போட்ட மறுநாள்லேர்ந்தே ஒரு மாதிரி விறுவிறுன்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா கழட்டலை? ஏன் போர்வையைப் போட்டு என்கிட்ட மறைச்சே?"

அம்மா கூரையைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரி தூங்குகிறாளா என்று பார்த்தாள். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். "அவரு எனக்குன்னு தைச்சுக் குடுத்தது."

மகளுக்கு முதலில் விளங்கவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குன்னு அவரு ஒரு கைக்குட்டைகூடத் தைச்சதில்லை. என்னோடதெல்லாம் நானேதான் தைச்சுக்குவேன், வெட்டுத்துணி மிஞ்சினா. அன்னிக்கு டேப்பை எடுத்துட்டு வந்து, கட்டில்ல உட்கார்ந்து, கணுக்கால், முழங்கால், தொடைன்னு ஒவ்வொண்ணா அளவெடுத்தாரு. கடைக்கு வர்றவங்களுக்கு எடுக்கற மாதிரியே. 'இறுக்கமா இருக்கா, சரியா இருக்கா'ன்னு கேட்டாரு. நான் சரியா இருக்குன்னு சொன்னேன்." அம்மாவுக்குக் கண் கலங்கியது. "கழட்டினா அவரு முகம் சுருங்கிப் போயிடுமே."

மகள் எழுந்தாள். வராந்தாவில் அப்பா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவரெதிரே போய் நின்றபோது, வீட்டில் கத்தியதெல்லாம் கோபமே இல்லை என்று அவளுக்குப் பட்டது. இப்போதுதான் அது வந்திருந்தது, சத்தமே போடத் தோன்றாத கோபம்.

"இத்தனை வருஷத்துல அம்மாவுக்கு என்ன தைச்சுக் குடுத்திருக்கீங்க?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர், யோசித்துத்தான் சொன்னார். "அவ எதுவும் கேக்கலையே."

"ஊர்ல இருக்கறவங்க இடுப்பளவெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வீங்க. அம்மாவோட இடுப்பளவு தெரியுமா?"

அவர் வார்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பட்டி காலை அறுக்கறது அம்மாவுக்குத் தெரியும்பா. செத்தாலும் பரவாயில்லைன்னு போட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஏன் தெரியுமா? நீங்க அவ பக்கத்துல வந்து உட்கார்ந்து, சரியா இருக்கான்னு கேட்டீங்களாம். இத்தனை வருஷத்துல முதல் தடவையாம். வருஷத்துக்கு ஒரு சட்டை தைச்சுப் போட்டிருந்தீங்கன்னா, இந்த சாக்ஸை வேண்டாங்கன்னு கழட்டி வீசியிருப்பா. பட்டினி போட்டு வச்சிருந்தீங்க, அதனால விஷத்தைக் குடுத்ததும் வாங்கித் தின்னுட்டா."

ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு கடந்து போனாள். மாஸ்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி ஏறித் தடித்த விரல்கள். அவர் அழுதார் என்று சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி கழற்றித் துடைத்தார். மகளுக்கு இரக்கம் வரத்தான் செய்தது. ஆனாலும் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்து, வீக்கம் குறைந்திருக்கிறது, மருந்து வேலை செய்கிறது, இனிப் படுக்கத் தேவையில்லை, நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு நில்லாமல், ஏன் நடக்க வேண்டும் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு நாலு வரி விளக்கமும் சொன்னார். மகள் வாக்கரைக் கட்டிலருகே கொண்டு வந்தாள்.

அம்மா எழுந்து நின்றதுதான் தாமதம், அப்பா ஓடி வந்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் வாங்கிய பேச்சுக்கெல்லாம் ஒரே மூச்சில் ஈடுகட்டிவிடப் போகிறவர் போல, முழங்கைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தார். துணியை இழுத்துப் பிடித்தே பழகிய விரல்கள். வாக்கரை நகர்த்த அம்மாவுக்குக் கை வரவில்லை. ஒரு அடி வைத்தாள், சாய்ந்தாள். அவர் இன்னும் இறுக்கினார்.

"நான் பிடிச்சிருக்கேன், பயப்படாதே. சரியா இருக்கா?" என்றார்.

மகள் வாயைத் திறந்தாள். திறந்தவள், என்ன தோன்றியதோ, பல்லைக் கடித்துக்கொண்டு மூடினாள். அவள் வாழ்நாளில் அடக்கிய கோபங்களிலேயே அதுதான் கஷ்டமானது.

வார்டில் போகிறவர்கள் வழிவிட்டு நின்றார்கள். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். கணவனின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆசையும் பயமும் நிரம்பிக் கிடந்தன. அவள் உதடு வழக்கமான வார்த்தைக்குக் குவிந்தது. குவிந்து, பிரிந்தது.

"இல்லைங்க. வலிக்குது. கையை எடுங்க."

அவர் நெருப்பைத் தொட்டவர் போலக் கையை எடுத்தார். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அம்மா அதை நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, வாக்கரை முன்னால் தள்ளி நடந்தாள்.